ஜூனில் கேட்காதீர்கள், டிசம்பரில் கேளுங்கள்: கணக்கு பிடித்த பிள்ளையைப் பெற்றவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அம்மாக்களுக்கும் அப்பாக்களுக்கும்,

வணக்கம். அரசு மேல்நிலைப் பள்ளிகளில் 27 வருஷம் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தவன் நான். எல்லாம் ஈரோட்டுப் பக்கம், விசைத்தறிச் சத்தம் கேட்கும் ஊர்கள். ஒவ்வொரு வருஷமும் பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளிலிருந்து உங்களில் யாராவது ஒருவர் மதிப்பெண் பட்டியலோடு என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பீர்கள். கேள்வியும் அநேகமாக ஒன்றுதான்: "கணக்குல நூறுங்க சார். எந்த இன்ஜினியரிங் போடலாம்?"

கேட்பதில் தப்பே இல்லை. நம் ஊரில் கணக்கு நன்றாக வந்தால் இன்ஜினியரிங், உயிரியல் நன்றாக வந்தால் டாக்டர் என்று ஒரு பாதை போட்டு வைத்திருக்கிறோம். நம் கட் ஆஃப் கணக்கே அப்படித்தான்: மொத்தம் 200, அதில் கணக்குக்கு மட்டும் 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. கணக்கில் நூறு வாங்கியவன் பாதி தூரம் தாண்டிவிட்டான் என்றுதான் எந்த வீட்டிலும் நினைப்பார்கள். ஆனால் அந்தக் கேள்வியை நீங்கள் ஜூன் மாதம் கேட்கும்போது, உங்கள் பிள்ளைக்குப் பொருத்தமாக இருந்திருக்கக்கூடிய சில கதவுகள் ஏற்கெனவே சாத்தப்பட்டிருக்கும். மதிப்பெண் போதவில்லை என்பதால் அல்ல, தேதி போய்விட்டது என்பதால். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். ஏழெட்டு வருஷத்துக்கு முன்பு, ஒரு மார்கழி மாதம். அவள் பிளஸ் ஒன். வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு ரஃப் நோட்டை நீட்டினாள். "இது பாடம் இல்லைங்க சார், பார்க்கறீங்களா?" என்றாள். பார்த்தால் கோலம். 15 புள்ளி, 8 வரை, இடுக்குப் புள்ளி. கோலம் போடுகிறவர்களுக்குத் தெரியும்: நடுவில் 15 புள்ளி, அதற்கு மேலும் கீழும் வரிசைக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டே வந்து 8-ல் நிறுத்துவது. அன்று காலை வாசலில் அதைப் போட்டுவிட்டு, மொத்தம் எத்தனை புள்ளி என்று எண்ணியிருக்கிறாள். 169. அது 13 பெருக்கல் 13 என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. அதாவது அதே புள்ளிகளை எடுத்து, 13-க்கு 13 என்று நேர்ப்புள்ளிக் கோலமாக வைத்தால் ஒன்றுகூட மிஞ்சாது, ஒன்றுகூடக் குறையாது. அவள் கேள்வி இதுதான்: "இந்த மாதிரி இன்னொரு கோலம் இருக்குங்களா சார்?"

நோட்டைப் புரட்டினேன். 5 புள்ளி 3 வரை என்றால் 19. 7 புள்ளி 4 வரை, 37. 9 புள்ளி 5 வரை, 61. இப்படியே 49 புள்ளி 25 வரை போயிருக்கிறாள், அதற்கு 1801 புள்ளி. 169-க்கு அப்புறம் எதுவும் சதுர எண்ணாக அமையவில்லை. ஆறு பக்கம், பென்சிலில், கூட்டல் எல்லாம் சரி. எந்தப் பரீட்சையிலும் வராத ஒன்றுக்காக ஒரு பிள்ளை ஆறு பக்கம் போயிருக்கிறது.

"எண்ணாதே கண்ணு, சமன்பாடாக எழுது" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். நடுவரிசைப் புள்ளிகளின் எண்ணிக்கையை வர்க்கமாக்கி, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்டினால் வருவது மொத்தப் புள்ளிகளைப் போல நான்கு மடங்கு. 15-ன் வர்க்கம் 225, அதன் மூன்று மடங்கு 675, ஒன்றைக் கூட்டினால் 676, அதை நான்கால் வகுத்தால் 169. அவ்வளவுதான் விஷயம். பொங்கல் லீவு முடிந்து வந்தாள். "209 புள்ளிங்க சார், 105 வரை. மொத்தம் 32,761. 181-ஐ 181-ஆல பெருக்கினா அதே. எங்க தெரு பத்தாதுங்க சார்" என்று சிரித்தாள். அதோடு விடவில்லை. 1, 15, 209 என்று வரிசையாக எழுதி, 15-ஐ 14-ஆல் பெருக்கி அதற்கு முந்தைய எண்ணைக் கழித்தால் 209 வருகிறது என்று காட்டினாள். அப்படியானால் அடுத்தது 2911 ஆகத்தான் இருக்க வேண்டும் என்றாள். சரியாகத்தான் இருந்தது.

இந்த வகைச் சமன்பாட்டில் ஒரு விடையை வைத்து அடுத்த விடையை எடுக்கும் வழியைப் பிரம்மகுப்தர் 7-ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்தார், 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பாஸ்கரர் அதை மேலே கொண்டுபோனார் என்று சொன்னேன். முகம் கொஞ்சம் வாடிவிட்டது. "அப்ப இது பழசுங்களா சார்?" பழசுதான். ஆனால் அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்காமல் அவளாகவே அங்கே போய்ச் சேர்ந்திருந்தாள். அதை அவளுக்குப் புரியவைக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது.

இந்தப் பெண் பிளஸ் டூ பொதுத்தேர்வில் கணக்கில் வாங்கியது 97. அதே வகுப்பில் நூறு வாங்கியவர்கள் நான்கு பேர். அந்த நான்கு பேரும் நல்ல பிள்ளைகள், கடுமையாகப் படித்தவர்கள். புத்தகத்தின் பின்பக்கக் கணக்குகளை மூன்று தடவை போட்டு முடித்தவர்கள். ஆனால் அவர்களில் யாரும் ஒரு விடை வந்த பிறகு "ஏன் அப்படி?" என்று என்னிடம் வந்து நின்றதில்லை. கணக்கில் மதிப்பெண் வருவது ஒன்று, கணக்கே பிடிப்பது வேறொன்று. இரண்டும் ஒரே பிள்ளையிடம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். மதிப்பெண் பட்டியலில் முதலாவது மட்டும்தான் தெரியும். இரண்டாவதைப் பார்க்க ரஃப் நோட்டைப் பார்க்க வேண்டும்.

அந்தப் பெண்ணின் அப்பா ஜூன் இரண்டாவது வாரம் வந்தார். கூலிக்குத் தறி ஓட்டுகிறவர். எல்லோரும் கேட்கும் கேள்வியை அவர் கேட்கவில்லை. "ஏனுங்க சார், கணக்கை மட்டும் படிக்கற மாதிரி நல்ல காலேஜ் ஏதாச்சும் இருக்குதுங்களா? இவ அதைத்தான் கேக்கறா" என்றார். இருக்கிறது. சென்னைக்குப் பக்கத்தில் சிறுசேரியில் சென்னை கணிதவியல் கழகம் இருக்கிறது. சி.எம்.ஐ. என்பார்கள். அதன் நுழைவுத் தேர்வு மே மாதமே முடிந்துவிட்டது. விண்ணப்பம் அதற்கும் முன்பே மூடிவிட்டது. எனக்கு அந்த இடத்தைப் பற்றித் தெரியும். ஒரு பணியிடைப் பயிற்சியில் கேட்டிருக்கிறேன். ஆறு பக்க நோட்டைக் கையில் வைத்துப் பார்த்தவன், ஒன்றரை வருஷம் அவளுக்குப் பாடம் எடுத்தவன், பிப்ரவரி மாதம் "இதற்கு விண்ணப்பம் போடு" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பொதுத்தேர்வு, ரிவிஷன் டெஸ்ட், செய்முறைத் தேர்வு என்று ஓடிக்கொண்டிருந்தேன். அந்த அப்பாவிடம் அன்று அதைச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "அடுத்த வருஷம் எழுதலாமுங்களா?" என்று கேட்டார். பிறகு அவரே, "ஒரு வருஷம் சும்மா வீட்ல வெச்சிருக்க முடியாதுங்க சார்" என்றார். அவள் தனியார் இன்ஜினியரிங் கல்லூரி ஒன்றில் சேர்ந்தாள்.

அதனால்தான் உங்களிடம் விவரமாகச் சொல்கிறேன். ஆசிரியர் மறந்தாலும் வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

சி.எம்.ஐ.யை உருவாக்கியவர் சி.எஸ். சேஷாத்திரி. செங்கல்பட்டில் பள்ளிப் படிப்பு, சென்னை லயோலா கல்லூரி, பிறகு பம்பாய் டாடா ஆராய்ச்சி நிலையம் என்று போய், உலகம் அறிந்த கணித மேதையான பிறகு சென்னைக்குத் திரும்பி வந்து 1989-ல் தொடங்கியது. 1998-லிருந்து அங்கே இளநிலைப் படிப்பு இருக்கிறது. கணிதமும் கணினி அறிவியலும் சேர்ந்து ஒரு பி.எஸ்ஸி. ஆனர்ஸ், கணிதமும் இயற்பியலும் சேர்ந்து இன்னொன்று. சிறுசேரி சிப்காட் ஐ.டி. பூங்காவுக்குள்ளேயே இருக்கிறது. அங்கே வேலைக்குப் போகிற நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் தினமும் அந்த வாசலைத் தாண்டித்தான் போகிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால் பலருக்குத் தெரியாது.

இன்னொன்று ஐ.எஸ்.ஐ., இந்தியப் புள்ளியியல் நிறுவனம். 1931-ல் மகலனோபிஸ் கல்கத்தாவில் தொடங்கியது. அங்கே புள்ளியியலுக்கு பி.ஸ்டாட், அதன் பெங்களூர் வளாகத்தில் கணக்குக்கு பி.மேத். இதில் உங்களுக்கு முக்கியமான விஷயம், படிப்புக் கட்டணம் கிடையாது. அதோடு, ஒழுங்காகப் படித்துத் தேறிக்கொண்டே வந்தால் பிள்ளைக்கு மாதம் 5,000 ரூபாய் உதவித்தொகை கொடுக்கிறார்கள். நம் பக்கத்தில் இதைச் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். காலேஜ் நமக்குப் பணம் கொடுக்குமா என்று ஒரு அம்மா என்னிடம் மூன்று தடவை கேட்டார். கொடுக்கும்.

இந்த இரண்டு இடத்துக்கும் விண்ணப்பம் சுமாராகப் பிப்ரவரி, மார்ச்சில் திறக்கும், மார்ச் கடைசி, ஏப்ரல் வாக்கில் மூடிவிடும். தேர்வு மே மாதம். வருஷத்துக்கு வருஷம் நாள் கொஞ்சம் முன்பின் ஆகும். நம் இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்கு விண்ணப்பமே மே, ஜூனில்தான். அதாவது ரிசல்ட் வந்த பிறகு யோசிப்போம் என்று இருக்கிற வீட்டுக்கு இந்த இரண்டு பெயரும் கிடையாது. ஐசர், நைசர், பெங்களூர் ஐஐஎஸ்சி என்று அறிவியல் படிப்புக்கும் ஆராய்ச்சிக்குமான நிறுவனங்களும் இருக்கின்றன, இவற்றுக்கெல்லாம் தனித்தனி நுழைவு வழி இருக்கிறது. நமக்குப் பக்கத்தில் திருப்பதியில் ஒரு ஐசர் இருக்கிறது. அவற்றில் இயற்பியல், வேதியியலும் சேர்த்துப் படிக்க வேண்டியிருக்கும். அதையும் விசாரித்து வையுங்கள்.

"தமிழ் மீடியம் பிள்ளை, அந்தப் பரீட்சை இங்கிலீஷ்ல இருக்குமே" என்பீர்கள். ஆமாம், ஆங்கிலத்தில்தான். ஆனால் கணக்குப் பரீட்சையின் ஆங்கிலம் நூறு, நூற்றைம்பது சொற்களுக்குள் அடங்கிவிடும். நிறுவுக, காண்க, எனில், ஆதலால், மிகப் பெரிய, தனித்த. இவற்றுக்கு ஆங்கிலத்தில் என்ன சொல்கிறார்கள் என்று ஒரு பிள்ளை இரண்டு மாதத்தில் பழகிவிடும். இரண்டு நிறுவனங்களும் முந்தைய வருஷ வினாத்தாள்களைத் தங்கள் இணையதளத்திலேயே இலவசமாக வைத்திருக்கின்றன. எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கஷ்டம் ஆங்கிலத்தில் இல்லை, வேறு இடத்தில் இருக்கிறது. அங்கே விடை மட்டும் கேட்க மாட்டார்கள், ஏன் என்று வரிவரியாக எழுதச் சொல்வார்கள். பின்பக்கக் கணக்கு போட்டுப் பழகிய கைக்கு அது புதிது. ஒரு வருஷமாவது பழக வேண்டும். பிளஸ் ஒன்னிலேயே தெரிந்திருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். பிள்ளையிடம் இந்தக் கணக்கைக் கொடுங்கள்: 1 முதல் 100 வரையுள்ள எண்களில் எந்த 51 எண்களை எடுத்தாலும், அவற்றில் ஏதாவது ஒரு எண் இன்னொன்றை மீதமில்லாமல் வகுக்கும். ஏன்? இது பழைய கணக்குதான், ஆனால் பாடப் புத்தகத்தில் இருக்காது. விடை வருகிறதா என்று பார்க்காதீர்கள். இரண்டு நாள் கழித்தும் அது பிள்ளையின் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். சாப்பிடும்போது சோற்றைப் பிசைந்தபடியே அப்படியே உட்கார்ந்திருந்தால், கணக்கை மட்டுமே படிக்கும் படிப்பை அந்தப் பிள்ளைக்கு நீங்கள் தைரியமாக யோசிக்கலாம். "இதெல்லாம் எதுக்கு, பரீட்சைக்கு வராது" என்று நோட்டை மூடிவிட்டால் அதுவும் குறையல்ல. கணக்கைக் கருவியாக வைத்து வேறொன்றைச் செய்யப் பிறந்த பிள்ளையாக இருக்கலாம். தறி மோட்டாரைக் கழற்றி மாட்டுகிற பிள்ளைக்கு இன்ஜினியரிங்தான் சரி. அதை நான் மனதாரச் சொல்வேன்.

ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். இன்ஜினியரிங்கில் கணக்கு இருக்கிறதே என்று சேர்த்துவிடுகிறோம். முதல் இரண்டு செமஸ்டரில் இருக்கும், அதற்குப் பிறகு பிரிவைப் பொறுத்து ஒன்றிரண்டு தாள். அதோடு சரி. கணக்கே உலகம் என்று இருந்த பிள்ளைக்கு மூன்றாம் வருஷம் அது எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருக்கும். கணக்கும் கணினியும் இரண்டுமே வேண்டும் என்றால் அதற்கு நடுவழி உண்டு. சில ஐஐடிகளில் கணிதமும் கணிப்பியலும் சேர்ந்த பி.டெக். இருக்கிறது, ஜே.இ.இ. எழுத வேண்டும். அவ்வளவு தூரம் போக முடியாவிட்டால், நம் கோயம்புத்தூரிலேயே பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் கோட்பாட்டுக் கணினி அறிவியல், டேட்டா சயின்ஸ் என்று ஐந்து வருஷ ஒருங்கிணைந்த எம்.எஸ்ஸி. நடக்கிறது. அங்கே கணக்கைக் கைவிட வேண்டியதில்லை.

இனி, உங்கள் மனதில் இருக்கும் பெரிய பயத்துக்கு வருகிறேன். "பி.எஸ்ஸி. மேத்ஸ் படிச்சா வாத்தியார் வேலைதானே சார்?" இதை ஒரு வாத்தியாரிடமே கேட்கிறீர்கள் என்று நான் வருத்தப்பட்டதில்லை. கஷ்டப்பட்டுப் படிக்கவைக்கிறவர்கள் சம்பளத்தைப் பற்றிக் கேட்கத்தான் வேண்டும். உண்மையைச் சொல்கிறேன். வெறும் பி.எஸ்ஸி. கணக்கோடு நின்றுவிட்டால் நல்ல வேலை கிடைப்பது சிரமம். குறைந்தது ஐந்து வருஷம், எம்.எஸ்ஸி. வரை, மனதில் வைத்துக்கொண்டுதான் இதில் இறங்க வேண்டும். ஆராய்ச்சி என்று போனால் இன்னும் ஐந்தாறு வருஷம். அந்தக் காலத்தில் உதவித்தொகை வரும், ஆனால் கூடப் படித்தவன் கார் வாங்கியிருப்பான். அதைத் தாங்கிக்கொள்ளும் மனசு வீட்டுக்கும் வேண்டும். பல தனியார் கல்லூரிகளில் எம்.எஸ்ஸி., பிஎச்.டி. முடித்த கணக்கு ஆசிரியருக்குக் கொடுக்கும் சம்பளத்தை வெளியே சொல்லவே கூச்சமாக இருக்கும். இதையெல்லாம் மறைத்து உங்கள் பிள்ளையை நான் இழுக்க மாட்டேன்.

ஆனால் வாத்தியார் வேலை "தான்" என்பது இல்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனிகளில் ஆக்சுவரி என்று ஒரு வேலை இருக்கிறது. நாற்பது வயதுக்காரர் ஒருவர் இருபது வருஷம் பாலிசி எடுத்தால் எவ்வளவு பிரீமியம் வாங்கினால் கட்டுபடியாகும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறவர்கள். சட்டப்படி அவர்கள் இல்லாமல் அந்தத் தொழில் நடக்காது. அதற்கான முதல் நுழைவுத் தேர்வைப் பிளஸ் டூ முடித்தவுடனேயே எழுதலாம். அப்புறம் ஒவ்வொரு தாளாக, பல வருஷம் பொறுமையாக எழுதித் தேற வேண்டும். யு.பி.எஸ்.சி. என்றால் கலெக்டர் மட்டும்தான் என்று நினைக்கிறோம். அதே யு.பி.எஸ்.சி. இந்தியப் புள்ளியியல் பணிக்கும் தேர்வு நடத்துகிறது. மத்திய அரசின் அதிகாரிப் பணி அது. இதில் கவனிக்க வேண்டிய சின்ன விஷயம் ஒன்று உண்டு. பட்டப் படிப்பில் புள்ளியியல் ஒரு பாடமாக இருந்திருக்க வேண்டும். அதனால் பி.எஸ்ஸி. கணக்கு சேரும்போது துணைப்பாடமாகப் புள்ளியியல் இருக்கிற கல்லூரியா என்று கேட்டுச் சேருங்கள். அலைடு என்ன என்று அட்மிஷன் அன்றைக்கு யாரும் யோசிப்பதில்லை. மூன்று வருஷம் கழித்துத்தான் அது உறைக்கும்.

புள்ளியியல் என்றால் ஏதோ இரண்டாம்தரம் என்ற நினைப்பும் நம்மிடம் இருக்கிறது. எஸ்.ஆர்.எஸ். வரதன் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தது புள்ளியியல்தான். அங்கிருந்து கல்கத்தா ஐ.எஸ்.ஐ. போனார். 2007-ல் ஏபெல் பரிசு வாங்கினார். கணக்குக்கு நோபல் கிடையாது, அந்த இடத்தில் வைத்துப் பேசப்படுவது இந்தப் பரிசு. பெண் பிள்ளைக்கு எதற்கு இவ்வளவு படிப்பு என்று யாராவது சொன்னால், இரா. பரிமளாவின் பெயரைச் சொல்லுங்கள். சென்னை ஸ்டெல்லா மாரிஸில் படித்தவர். 2010-ல் ஹைதராபாத்தில் உலகக் கணித மாநாடு நடந்தபோது முழு அவைக்கும் உரையாற்ற அழைக்கப்பட்டவர்களில் ஒருவர்.

தேதியைப் பற்றிப் பேசுவதால் சி.ஆர். ராவ் ஞாபகம் வருகிறது. ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் கணக்கில் எம்.ஏ. முடித்துவிட்டு ஆராய்ச்சி உதவித்தொகைக்கு விண்ணப்பித்தார். விண்ணப்பம் தாமதமாக வந்தது என்று தள்ளிவிட்டார்கள். வேறொரு வேலைக்கான நேர்காணலுக்குக் கல்கத்தா போனார். அதுவும் கிடைக்கவில்லை. தங்கியிருந்த இடத்தில் சந்தித்த ஒருவர் ஐ.எஸ்.ஐ.யில் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார். அவர் சொல்லித்தான் அந்த இடமே ராவுக்குத் தெரியவந்தது. 1941 ஜனவரியில் அங்கே சேர்ந்தார். 2023-ல், 102 வயதில், சர்வதேசப் புள்ளியியல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அவருக்கு ஒரு விடுதியில் ஒருவர் கிடைத்தார். எல்லாப் பிள்ளைக்கும் அப்படி ஒருவர் கிடைப்பார் என்று விட்டுவிட முடியாது. அந்த ஒருவராக நீங்கள் இருங்கள்.

சரி, இந்த வருஷம் தேதி போய்விட்டது, பிள்ளை பக்கத்து அரசு கலைக் கல்லூரியில்தான் பி.எஸ்ஸி. கணக்கு சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். கவலைப்படாதீர்கள். அங்கே செலவு மிகக் குறைவு. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண்ணாக இருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பையனுக்குத் தமிழ்ப் புதல்வன். மூன்று வருஷம் கழித்து ஜாம் என்று ஒரு தேர்வு இருக்கிறது, அதில் தேறினால் ஐஐடிகளில் எம்.எஸ்ஸி. சி.எம்.ஐ., ஐ.எஸ்.ஐ. இரண்டுக்கும் முதுநிலையில் மறுபடி எழுதலாம். கோடை விடுமுறையில் எம்.டி.டி.எஸ். என்று கல்லூரிப் பிள்ளைகளுக்கான கணிதப் பயிற்சி முகாம் ஒன்று நடக்கிறது. 1993-லிருந்து நடத்துகிறார்கள். நான்கு வாரம், தேர்வானவர்கள் கரும்பலகைக்குப் போய் நின்று "ஏன்?" என்று கேள்வி கேட்கவும் பதில் சொல்லவும் பழகுவார்கள். சின்ன ஊர்க் கல்லூரியில் படிக்கும் பிள்ளைக்கு இது பெரிய விஷயம். தன்னைப் போலவே இன்னும் பலர் இருக்கிறார்கள் என்று தெரிவதே பாதி தெம்பு.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். பிள்ளை பிளஸ் ஒன் முடிக்கும்போது ரஃப் நோட்டை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். உங்களுக்குப் புரிய வேண்டியதில்லை. பாடத்தில் இல்லாத ஏதாவது அதில் இருக்கிறதா என்று கணக்கு ஆசிரியரிடம் காட்டிக் கேளுங்கள். பிளஸ் டூ டிசம்பரில், அரையாண்டுத் தேர்வு லீவில், ஒரு நாள் பள்ளிக்குப் போய் "எந்தெந்த நுழைவுத் தேர்வுக்கு எப்போது விண்ணப்பம்?" என்று கேளுங்கள். ஆசிரியருக்குத் தெரியாவிட்டால் பரவாயில்லை, மூன்று பேரும் சேர்ந்து போனில் பாருங்கள். ஒரு தாளில் எழுதி, காலண்டர் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். இன்ஜினியரிங் விண்ணப்பமும் போடுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தத் தாளில் அதுவும் ஒரு வரியாக இருக்கட்டும், ஒரே வரியாக இருக்க வேண்டாம்.

அந்தக் கோலப் பெண் நான்கு வருஷம் இன்ஜினியரிங் முடித்து, இப்போது சென்னையில் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை பார்க்கிறாள். தம்பியைப் படிக்கவைத்தாள், வீட்டுக்குத் தளம் போட்டுக் கொடுத்தாள். அவள் வாழ்க்கை கெட்டுப்போயிற்று என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். போன மார்ச்சில் ஊர் மாரியம்மன் கோயில் பண்டிகைக்கு வந்தவள், அப்பாவையும் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். கையில் பழைய ரஃப் நோட்டு. "சார், இன்ஜினியரிங் படிச்சவங்க எம்.எஸ்ஸி. கணக்குக்கு எழுதலாங்களா?" என்று கேட்டாள். எழுதலாம் என்றேன். சி.எம்.ஐ.யின் பக்கத்தை அவள் போனிலேயே திறந்தோம். பாடத்திட்டத்தையோ கட்டணத்தையோ நாங்கள் முதலில் பார்க்கவில்லை. கடைசித் தேதியைத்தான் தேடினோம். பதினொரு நாள் இருந்தது. அவள் அப்பா விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "இன்னைக்கே போட்றலாமுங்களா சார்?" என்றார்.

அன்புடன்,
உங்கள் பிள்ளைகளின் கணக்கு வாத்தியார்